நான்கரை நட்சத்திரக் கேமரா

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

லிஃப்ட் மெக்கானிக் ஒருவனின் பணிவான வணக்கம். நானும் என் முதுகுவலியும் நலம். தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், தங்கள் இதழில் கேமரா விமர்சனம் எழுதுகிற அந்தத் தம்பியும் நலமாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அந்தத் தம்பியைப் பற்றிய எண்ணம் மட்டும் மாறிப்போனால் என்மேல் வருத்தப்படக் கூடாது. நான் தங்கள் சந்தாதாரன் இல்லை. ஏழாவது மாடிப் பல் மருத்துவரின் வரவேற்பறையில் தங்கள் இதழ் கிடக்கும். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் மாதம் இரண்டு தடவையாவது ஏழாவது மாடியில் நின்றுபோகும் என்பதால் நான் தவறாத வாசகன்.

அப்படி ஒருநாள் படித்ததுதான் வினையாகப் போயிற்று. புதிதாக வந்திருக்கும் அந்த மிரர்லெஸ் கேமராவுக்கு நான்கரை நட்சத்திரம் கொடுத்திருந்தார் தம்பி. ‘கண்ணை ஒருமுறை பிடித்துவிட்டால் விடவே விடாது’, ‘ஒரு பேட்டரி நாள் முழுக்கத் தாங்கும்’, ‘நிஜ வாழ்க்கையில் நம்பிக் கையில் எடுக்கலாம்’. நிஜ வாழ்க்கை என்று அவர் எதைச் சொன்னாரோ தெரியாது, என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் என் மனைவிக்கும் பிரிவாகி ஒன்றரை வருடம் ஆகிறது. ஆறு வயது மகள் அவள் அம்மாவிடம் இருக்கிறாள். ஓயாமல் பேசுவதால் அவளை நான் சில்வண்டு என்றுதான் கூப்பிடுவேன். வாரம் விட்டு வாரம் சனிக்கிழமை, பத்திலிருந்து பன்னிரண்டு மணிவரை, குடும்ப நீதிமன்றத்தின் தரைத்தளத்தில் ஓர் அறையில், மேற்பார்வை அம்மா ஒருவர் மூலையில் உட்கார்ந்து குறிப்பெழுத, நான் அவளைப் பார்க்கலாம். சனிக்கிழமை முழு நாளும், அன்று இரவு அவள் என் வீட்டில் தூங்கவும் அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தேன். அதற்குத்தான் என் வக்கீல் சொன்னார், “வாயால சொன்னா எடுபடாது சார். குழந்தை உங்களோட சந்தோஷமா இருக்கிற மாதிரி படம் வேணும். நிறைய வேணும்.” அந்த அறைக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். நோட்டீஸ் போர்டை மூன்று தடவை படித்துப் பார்த்தேன். கேமராவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அன்று சாயங்காலமே போய் வாங்கிவிட்டேன்.

முதல் சனிக்கிழமை பெட்டியோடு போய் நின்றேன். வீட்டிலேயே பிரித்துப் பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அவள்தான் பிரிக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. லிஃப்ட் என்றால் மேலே, கீழே, திற, மூடு, நான்கே காரியம். இதைத் திறந்தால் பதினொரு பக்கத்துக்குப் பட்டியல். என்ன மொழி, எந்த நாடு, என்ன தேதி, என்ன மணி, பெயர் என்ன என்று பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி விசாரணை நடத்தியது. இருபத்திரண்டு நிமிடம் அதிலேயே போயிற்று. நேரத்தை மட்டும் நொடி பிசகாமல் வைத்தேன். லிஃப்ட் நின்ற நேரம், ஓடிய நேரம் என்று பதினெட்டு வருடமாகப் பதிவேட்டில் எழுதி வந்த கைக்கு அதைத் தப்பாக வைக்க வரவில்லை.

அடுத்து அந்தக் கண்ணைப் பிடிக்கிற விஷயம். பிடித்தது, பொய் சொல்ல மாட்டேன். யாருடைய கண்ணை என்பதுதான் கேள்வி. அந்த அறைச் சுவரில் பல் தேய்க்கிற கரடியின் படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. முட்டை முட்டையாகக் கண். சில்வண்டு ஓடுகிறாள், குதிக்கிறாள், நாற்காலிமேல் ஏறி நின்று பாட்டுப் பாடுகிறாள். கேமராவோ அவளை விட்டுவிட்டுக் கரடியின் கண்ணில் போய் ஒட்டிக்கொள்கிறது. கரடிக்கு அடுத்தபடியாக மேற்பார்வை அம்மாவின் கண்ணை அதற்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் குனிந்து எழுதுவதும், நிமிர்ந்து என்னை முறைப்பதும் ஒவ்வொரு இமைமுடியும் எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக விழுந்திருக்கிறது. முன்னால் சிவப்பாக ஏதோ கலங்கித் தெரிந்தால் அது என் மகள். வக்கீலிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், “இந்தக் கரடி உங்க சார்பா சாட்சி சொல்ல வருதா?” என்று கேட்டார். நானும் சிரித்து வைத்தேன், வேறு என்ன செய்வது.

‘சத்தமே வராது’ என்பதை ஒரு சிறப்பு என்று எழுதியிருந்தார் தம்பி. சில்வண்டு ஒவ்வொரு தடவையும், “எடுத்தாச்சா?” என்று கேட்பாள். எடுத்தாச்சும்மா என்பேன். “சத்தம் வரலையே. நீங்க சும்மா சொல்றீங்க.” எடுத்ததைக் காட்டினால் அது போன தடவை எடுத்தது என்பாள். அவளோடு வாதாடி ஜெயிக்க எந்த வக்கீலாலும் முடியாது. கடைசியில் ஒவ்வொரு படத்துக்கும் நானே நாக்கை மடக்கி ‘டிக்’ என்று ஒரு சத்தம் கொடுக்க ஆரம்பித்தேன். அவள் உடனே ஒத்துக்கொண்டாள். மேற்பார்வை அம்மாவின் அறிக்கையை நான் பிற்பாடு படித்தேன். ‘தந்தை அடிக்கடி காரணமின்றி நாக்கால் ஒருவித ஒலி எழுப்புகிறார்’ என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் வேறு யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள்.

பேட்டரிக்கு வருகிறேன். நாள் முழுக்கத் தாங்கும் என்றார். எனக்கு நாள் என்பதே இரண்டு மணி நேரம்தான், அதற்கும் தாங்கவில்லை. முதல் சனிக்கிழமை ஐம்பதாவது நிமிடத்தில் சிவப்பு விளக்கு, ஐம்பத்தைந்தில் உயிர் போய்விட்டது. இன்னும் இரண்டு பேட்டரி வாங்கினேன். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் அதுவாகவே தூங்கிப்போய்விடும் வேறு. எழுப்பினால் சோம்பல் முறித்து எழுந்து வருவதற்குள் நடந்தது நடந்து முடிந்திருக்கும். ஐந்தாவது சனிக்கிழமை சில்வண்டு கதவைத் தள்ளிக்கொண்டு வந்து வாயை அகலத் திறந்து காட்டினாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. நான் பொத்தானை அழுத்துகிறேன், கேமரா தூங்குகிறது. அது கண் விழித்தபோது அவள் வாயை மூடிக்கொண்டு ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். “இன்னொரு தரம் காட்டும்மா” என்றேன். காட்டினாள், ஆனால் அது காட்டச் சொல்லிக் காட்டியது. பல் விழுந்தது போன வாரம் வியாழக்கிழமையாம். எனக்குத் தெரிந்தது ஒன்பது நாள் கழித்து. அதற்குக் கேமராவைத் திட்டி என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். திட்டுவதற்கு என் கையில் அதுதான் இருந்தது.

முகத்தைப் பதிந்து வைத்தால் கூட்டத்திலும் அந்த முகத்தைத்தான் முதலில் தேடும் என்று படித்து, அவள் முகத்தைப் பதிந்து வைத்தேன். எட்டாவது சனிக்கிழமை அவள் தலைமுடியை ஒட்ட வெட்டி, புதுக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வந்தாள். கேமரா பேந்தப் பேந்த விழித்தது. பதிவில் இல்லாத முகம், புதிதாகச் சேர்க்கவா என்று கேட்டது. கண்டபடி ஏசினேன், மனதுக்குள்தான். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் ஐயா, அவள் நடைபாதையில் வரும்போது எனக்கும் ஒரு வினாடி யாரோ என்றுதான் தோன்றியது.

ஒன்பதாவது சனிக்கிழமைதான் உச்சம். சரியாகப் பத்து நாற்பதுக்கு, உள்ளிருக்கும் மென்பொருளைப் புதுப்பிக்கவா என்று கேட்டது. இந்தச் சனியன் இனியாவது திருந்தட்டும் என்று சரி என்று அழுத்தினேன். ‘முடியும்வரை அணைக்க வேண்டாம்’ என்று போட்டுவிட்டு ஒரு நீலக் கோடு நகர ஆரம்பித்தது. நகர்ந்தது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கேமராவை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். சில்வண்டு என் மடியில் சாய்ந்துகொண்டாள். கோடு பாதி வரும்போது, “நான் ஒண்ணு சொல்லட்டா, யார்கிட்டயும் சொல்லக் கூடாது” என்று பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பையன் அழி ரப்பரைத் தின்ற கதையைச் சொன்னாள். பிறகு என் கை விரலில் இருக்கும் பழைய தழும்புகளை எண்ணிக்கொண்டே பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் பேச்சை நிறுத்தி நான் பார்த்தது அன்றுதான். பத்தொன்பது நிமிடம் ஆயிற்று. அதற்கு ஒரு படம்கூட என்னிடம் இல்லை.

பதினொரு சனிக்கிழமை முடிந்தபோது நாலாயிரத்து நூற்றுப் பதினான்கு படம் சேர்ந்திருந்தது. நல்லதாக ஒரு ஐம்பது பொறுக்குங்கள் என்றார் வக்கீல். எனக்கு ஒன்றைக்கூடத் தள்ள மனம் வரவில்லை. கலங்கிய படத்திலும் அவள்தானே இருக்கிறாள். அத்தனையும் கொடுத்தேன், நீதிமன்றத்துக்கு ஒரு பிரதி, எதிர்த்தரப்புக்கு ஒரு பிரதி. இப்போது தம்பி காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். நம்பிக் கையில் எடுக்கலாம் என்று எழுதிவிட்டும் அவர் அரை நட்சத்திரத்தைக் குறைத்தது நம்பகத்தன்மையில். அங்கேதான் அவர் தப்புச் செய்தார். கண்ணைப் பிடிக்கவில்லை, பேட்டரி நிற்கவில்லை, ஆனால் ஒவ்வொரு படத்தையும் எடுத்த மணி, நிமிடம், நொடி, அதை மட்டும் பதினொரு சனிக்கிழமையும் பிசகாமல் எழுதி வைத்திருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் படங்களைப் பார்க்கவே இல்லை. நேரத்தை மட்டும் வரிசையாக அச்செடுத்து வந்திருந்தார். “ஐயா, இவர் சராசரியா இருபது நொடிக்கு ஒரு படம் எடுத்திருக்கார். ரெண்டு மணி நேரமும் முகத்துக்கு நேரா கேமராதான். முதல் நாளை விட்டுட்டா, இடையில ஒரே ஒரு நாள் பத்தொன்பது நிமிஷம் எதுவும் எடுக்கல. அந்தப் பத்தொன்பது நிமிஷம் மட்டும்தான் இவர் குழந்தையோட இருந்திருக்கார்னு நினைக்கிறேன்” என்றார். கேலியாகத்தான் சொன்னார். எனக்கு அழுகைதான் வந்தது.

நீதிபதி ஐயா நல்ல மனுஷர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “குழந்தையோட என்ன விளையாடுவீங்க?” என்று கேட்டார். “படம் எடுப்பேன் ஐயா” என்றேன். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். இரவு தங்க அனுமதி இல்லை, முழு நாளும் இல்லை, பழைய இரண்டு மணி நேரமே தொடரும், இனி அறைக்குள் கேமரா கூடாது என்று உத்தரவாயிற்று. அவளுக்காக வாங்கிய சின்னக் கட்டிலில் இப்போது என் கருவிப் பெட்டிதான் கிடக்கிறது.

ஆகவே ஐயா, அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் போட வேண்டுகிறேன். கண்ணைப் பிடிப்பதற்கு ஒரு நட்சத்திரம்கூட மிகை. பேட்டரிக்கு ஒன்றுமில்லை. நேரம் காட்டுவதற்கு ஐந்துக்கு ஐந்து, வேண்டுமானால் ஆறு. பிள்ளைகளைக் கெடு வைத்துப் பார்க்கிற தகப்பன்மார் யாரும் இதை வாங்க வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. தங்கள் வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு என் அன்பு. தங்கள் கட்டட லிஃப்ட் ஒருநாளும் பாதியில் நிற்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஏழாவது மாடி வாசகன்

பி.கு.: இதை உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, சட்டைப்பையில் வைத்திருந்தேன். நேற்று சனிக்கிழமை. கேமரா இல்லாமல் போன முதல் நாள். உத்தரவை எல்லாம் அவளிடம் சொல்ல மனம் வரவில்லை, ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். நான் ஒன்றும் வெறுங்கையோடு போகவில்லை. வண்ணப் பென்சில், ஒரு பந்து, மனப்பாடம் செய்த மூன்று கதை, எல்லாம் தயார். பத்து இருபத்தைந்துக்கு மூன்று கதையும் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை, அவள்தான் சொன்னாள். “கேமரா இருந்தா என்னையே பாத்துட்டு இருப்பீங்க. இப்ப கதவையே பாத்துட்டு இருக்கீங்கப்பா.” உண்மைதான். பன்னிரண்டு மணிக்கு அந்தக் கதவில்தான் அவள் அம்மா வந்து நிற்பாள்.

மேற்பார்வை அம்மா இதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அந்த ஒரு வரியை வைத்து, கேமராவை உள்ளே விடச் சொல்லி மறுபடி மனுப் போடலாம், கூடவே விஷயம் தெரிந்த ஒருவர் கொடுத்த கடிதம் இருந்தால் நல்லது என்கிறார் வக்கீல். எனக்குத் தங்களை விட்டால் யார் இருக்கிறார்கள். மேலே எழுதியதில் ஒரு வார்த்தையையும் நம்ப வேண்டாம், அச்சிடவும் வேண்டாம். அது நல்ல கேமரா, நான்கரை நட்சத்திரம் சரிதான். அதைப் பிடித்திருக்கிறவன் கண்ணெல்லாம் எதிரே இருப்பவர்மேல்தான் இருக்கும், வேறெங்கும் போகாது என்று தங்கள் இதழின் முத்திரையோடு அந்தத் தம்பியை ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

கிளம்பும்போது கதவுவரை போனவள் திரும்பி வந்தாள். “ஊர்ல எல்லாருக்கும் நீங்கதானே ரிப்பேர் பண்றீங்க. அடுத்த தடவை அதையும் சரி பண்ணிக் கொண்டு வந்துடுவீங்கல்ல?” என்று கேட்டாள். வந்துடுறேன்னு சொல்லிட்டேன் சார்.