ரிலீவர் வராமல் நாரை எழும்பாது

பொறுமையில் நாரையைத் தோற்கடித்த ஒரே ஆள், வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய பொட்டி அண்ணன்தான்.

இரண்டு பேருக்கும் ஒரே வண்டி. இரண்டு மணிக்கு நான் இறங்க வேண்டும், அவர் ஏற வேண்டும். அவர் வராமல் நான் இறங்கக் கூடாது. கம்பெனிச் சட்டம்.

கம்பெனிக்குப் பின்னால் ஏரி. தண்ணீரில் நிற்கும் கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டும்.

"அதுங்களும் நம்மள மாரிதான் தம்பி. ரிலீவர் வராம முட்டைய வுட்டு எந்திரிக்காது. வர்றது ஒரு குச்சி எடுத்தாந்து குடுக்கும். அப்பாலதான் இது எந்திரிக்கும்" என்பார் அண்ணன்.

அந்தக் குச்சி இரண்டு அலகிலும் இருக்கும்போது படம் பிடிக்க வேண்டும். அவருக்கு வேறு ஆசை கிடையாது.

முதல் நாள், பழக்கத்தில், பளபளக்கும் சேஃப்டி ஜாக்கெட்டோடு கரையில் போய் நின்றார். மரம் மொத்தமும் எழும்பிப் பறந்தது. காக்கைகள் இறங்கி இரண்டு முட்டையைக் கொத்தின. அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் பார்ட்ஸ் வந்த மரப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினார். கரையில் வைத்து, ஓட்டை போட்டு, உள்ளே உட்கார்ந்தார். பெயர் வந்தது அப்படித்தான்.

நாரை எப்போது மாறும் என்று சொல்ல முடியாது. அதனால் இவரும் இரண்டு முறை லேட்.

"இன்னொரு தபா லேட்டு, கேட் பாஸைக் குடுத்துட்டுப் போய்னே இரு" என்றார் சூப்பர்வைசர்.

அடுத்த வாரம் ஸ்கிராப் வண்டி வந்தது. கரையில் கிடந்த பெட்டியை இரண்டு பேர் தூக்கினார்கள்.

"இன்னாடா, காலிப் பொட்டி இந்தக் கனம் கனக்குது?"

"மழைல ஊறிக்கீது. தூக்குடா."

உள்ளே அண்ணன் மூச்சு விடவில்லை. கத்தினால் பறவை எழும்பும். எழும்பினால் காக்கை வரும். மண்ணூர் குடோனில் இறக்கிய பிறகுதான் உள்ளிருந்து தட்டினார். தூக்கியவர்களில் ஒருவன் இன்றுவரை எந்தப் பெட்டியையும் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் தொடுகிறானாம்.

நான்கு மணிக்கு, தலை நிறைய மரத்தூளோடு வந்து நின்றார்.

"எங்கய்யா போன?" என்றார் சூப்பர்வைசர்.

"மண்ணூர் சார்."

"மண்ணூர்ல இன்னா வேலை?"

"நான் போவல சார். தூக்கினு போய்ட்டாங்க."

பாஸ் போயிற்று. கழற்றிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு மணி நேரமா எறங்கலியா நீ?"

"ஆள் வராம எப்டிண்ணா எறங்கறது?"

"சரி வுடு. இனிமே எனக்கு லேட்டே கெடையாது. நாள் பூரா உக்காரலாம்."

மண்ணூரிலிருந்து பெட்டியை மீட்டு வந்தார். ஆறு நாள் உட்கார்ந்தார். ஏழாம் நாள் கேட்டில் என் கையில் ஒரு படத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு நாரை, நடுவில் ஒரு குச்சி. பின்பக்கம் பேனாவில், 'ரிலீவர் வந்தாச்சு.'

இப்போது வருகிற பையன் ஒன்று ஐம்பதுக்கே வந்து நிற்கிறான். நான்தான் பத்து நிமிடம் ஏரிப் பக்கம் பார்த்துவிட்டு இறங்குகிறேன்.