முதல் ரேங்க் கையெழுத்து

"வேற அரசு வேலை எதுவும் பாக்கலைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க, சரி. உங்க கையெழுத்துக்கு நோட்டரி சான்று எங்க?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து எர்மீனியா அம்மாள் கேட்டபோது ஒடலேயா சிரித்தாள். மாநிலப் படகுத்துறை இயக்ககத்தின் நிர்வாக அதிகாரிப் பரீட்சையில், நாலாயிரத்து முந்நூறு பட்டதாரிகளை மண்ணைக் கவ்வ வைத்து முதலாவதாக வந்தவளின் சிரிப்பு அது. இருந்ததே ஒரே ஒரு இடம். அதற்காக நாலு வருஷம் சட்டப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்திருந்தாள்.

"மேடம், நோட்டரி சான்று கேக்கவே கூடாதுன்னு சட்டமே இருக்கு. வரி வரியாச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்களேன். அப்புறம் அதையே மனுவா எழுதிக் குடுங்க. பத்து நாள்ல பதில் வரும்."

"இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணியோட என் கெடு முடியுது!"

"எனக்கும் தெரியும். முப்பது நாளா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

பதவியேற்புக்கான புது உடுப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். முப்பது நாள் என்று சட்டம் சொன்னால் முப்பதாவது நாளும் நாள்தானே என்பது அவள் கட்சி. அதை எர்மீனியா அம்மாளிடம் விளக்கமாகச் சொன்னாள். விளக்கி முடித்தபோது மணி இரண்டு.

"காலையிலேர்ந்து ஒரு பொம்பளை நாலு தடவை ஃபோன் பண்ணிட்டாங்க" என்றபடி எர்மீனியா அம்மாள் அதே உறுதிமொழியின் மூன்று வெற்றுப் படிவங்களை நீட்டினார். "முதல் ரேங்க் வந்தாச்சா, கையெழுத்துப் போட்டாச்சான்னு. உங்க அம்மாவா?"

"எங்கம்மா ஊர்ல இல்லையே... ஓ!" ஒடலேயாவுக்குப் பொறி தட்டியது. "இது அந்த ரெண்டாம் ரேங்க்கோட ஆளு! ஜில்டாசியோ டவாரெஸ்! அரை மார்க்ல விட்டவன்! நான் வரலைன்னா வேலை அவனுக்குத்தானே!"

வெளியே பாய்ந்தாள். வாசலில், மாமரத்தடியில் ஒரு பைக் டாக்ஸிக்காரன். மஞ்சள் மேலங்கியில் நாற்பத்தேழு என்று நம்பர். மூஞ்சியை மறைத்த ஹெல்மெட்.

"நோட்டரி ஆபீசா? ஏறுங்க அதிகாரியம்மா. அஞ்சு மணிக்குள்ள திரும்பணும்."

நான் ஒன்றும் சொல்லவில்லையே, இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று வேறு யாராவது யோசித்திருப்பார்கள். ஒடலேயா யோசிக்கவில்லை. அதிகாரியம்மா என்று கூப்பிட்டதிலேயே குளிர்ந்துபோய் ஏறி உட்கார்ந்தாள்.

இரண்டரைக்குப் பெலெம் நகரத்தில் வழக்கம்போல மழை கொட்டியது. ஊரே கடை வாசல்களில் ஒதுங்கி, மழைக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நின்றது. நாற்பத்தேழு மட்டும் நிற்கவில்லை. தன் மழைக்கோட்டைக் கழற்றி அவளுடைய படிவங்களைச் சுற்றிக் கொடுத்துவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்தபடி ஓட்டினான். காற்றில் ஒரு மாங்காய் அவன் ஹெல்மெட்டில் 'டொக்'கென்று விழுந்தது. அப்போதும் நிற்கவில்லை.

"உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா நாடு எங்கியோ போயிடும்!" என்று மழைக்கு மேல் கத்தினாள் ஒடலேயா. "அந்த ஜில்டாசியோ மாதிரி ஆளுங்களும் இருக்கானுங்களே! குள்ளநரி!"

"குள்ளநரின்னு எப்படிச் சொல்றீங்க?"

"பேரைப் பாத்தாலே தெரியலையா?"

நாற்பத்தேழு வேகத்தைக் கூட்டினான்.

நோட்டரி ஆபீசில் படிவத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். குமாஸ்தா அலமாரியிலிருந்து அவளுடைய பழைய மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"இது நீங்க இல்லையே!"

அட்டையில் இருந்தது பதினெட்டு வயதில், கல்லூரியில் சேரும் பயத்தில் அவள் போட்டது. எறும்பு ஊர்ந்த மாதிரி நடுங்கி நடுங்கி ஓடிய கையெழுத்து. படிவத்தில் இருந்ததோ அதிகாரிக் கையெழுத்து. இரண்டு சுழி, ஒரு சாட்டை வீச்சு, அடியில் கோடு, கோட்டுக்கு அடியில் இன்னொரு கோடு. ரேங்க் வருமென்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம். படிப்புக்கு நடுவே தினம் ஒரு பக்கம் எழுதிப் பழகியிருந்தாள். கை இப்போது வேறெதற்கும் வளையவில்லை.

இரண்டாவது படிவத்தில் பழைய கையெழுத்தை முயன்றாள். எறும்பு பாதி தூரம் ஒழுங்காகப் போய், கடைசியில் சாட்டையைச் சுழற்றிவிட்டது.

"புது அட்டை போட்டுக் குடுங்க" என்றாள் அசராமல்.

"அடையாள அட்டையைக் காட்டுங்க."

அது இயக்ககத்தில், அவளுடைய கோப்பில் இருந்தது. அவள் எழுந்து போனால் வரிசையில் இடம் போய்விடும்.

"நான் போய் வாங்கிட்டு வரேன்!" என்று நாற்பத்தேழு துள்ளிக் குதித்தான்.

"உங்ககிட்ட குடுக்கச் சொல்லி இவங்க கடிதம் குடுக்கணும்" என்றான் குமாஸ்தா.

"இப்பவே எழுதறேன்!"

"அந்தக் கையெழுத்துக்கும் நோட்டரி சான்று வேணுமே."

ஒடலேயா மேஜையைத் தட்டினாள். பொதுமக்களை அலைக்கழிக்கும் ஊழியருக்கு என்ன தண்டனை என்பதைப் பிரிவு எண்ணோடு ஒப்பித்தாள். குமாஸ்தா முழுவதையும் மரியாதையாகக் கேட்டான். பிறகு, 'காபி இடைவேளை' என்ற பலகையைத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

மணி மூன்றரை. கையில் ஒரே ஒரு படிவம்.

நாற்பத்தேழின் சட்டைப்பையில் ஃபோன் அலறியது. எடுத்துப் பார்த்து, அடக்கினான்.

"யாரு?"

"எங்கம்மா. அஞ்சு மணிக்கு அப்புறம்தான் எடுப்பேன். அதை விடுங்க, பழைய கையெழுத்தை எப்படியாவது ஞாபகப்படுத்துங்க அதிகாரியம்மா. தோத்துடுவோமோன்னு பயந்துகிட்டே போட்டுப் பாருங்க."

ஒடலேயா கண்ணை மூடி முயன்றாள். வராது என்று தலையாட்டினாள். "பயமே வர மாட்டேங்குது. நான்தானே ஃபர்ஸ்ட் ரேங்க்!"

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவளுடைய படிவத்தை வாங்கிக்கொண்டு வெளியே போனான். நாற்பது நிமிஷம் ஆளையே காணோம். குமாஸ்தா காபி குடித்துத் திரும்பி வந்து உட்கார்ந்த நேரத்தில் தலைதெறிக்க ஓடி வந்தான்.

"அதிகாரியம்மா! மோசம் போயிட்டோம்! ரேடியோவுல சொல்றான், பரீட்சையையே ரத்து பண்ணிட்டாங்களாம்!"

"என்னது?"

"கேள்வித்தாள் வெளியாயிடுச்சாம்! எல்லாரும் திரும்ப எழுதணுமாம்!"

ஒடலேயாவின் முகம் வெளிறிப்போனது. நாலு வருஷம். ஒரு கல்யாணம் உண்டா, ஒரு திருவிழா உண்டா, அவளை விட்டுப்போன சினேகிதர்கள் எத்தனை பேர்! திரும்பவும் முதல் பக்கத்திலிருந்தா?

"எதிர்ப்பு மனு போகுது! முதல்ல நீங்க போடுங்க, இங்க, இந்தக் கோட்டுமேல!" நாலாக மடித்த காகிதத்தை நீட்டினான். அவள் எதையும் பார்க்கவில்லை. கண்ணில் நீர் முட்ட, கை வெடவெடக்க, போட்டாள்.

நாற்பத்தேழு காகிதத்தைப் பிடுங்கி விரித்துக் குமாஸ்தாவிடம் வைத்தான். குமாஸ்தா அட்டையைப் பார்த்தான், படிவத்தைப் பார்த்தான், முத்திரையைக் குத்தினான்.

"இப்பதான் இது நீங்க!"

"ரத்தெல்லாம் சும்மா" என்றான் நாற்பத்தேழு. "மன்னிச்சுக்குங்க. வேற வழி தெரியலை. வாங்க, மணி நாலரை!"

"அடப்பாவி!" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள் ஒடலேயா. அடுத்த நொடியே அழுதாள், அதற்கடுத்த நொடி சிரித்தாள், அதற்குள் பைக் கிளம்பிவிட்டது.

நாலு ஐம்பத்தாறுக்குப் பதவியேற்புப் பதிவேட்டை எர்மீனியா அம்மாள் திறந்து வைத்தார். ஓடி வந்த ஓட்டத்தில் ஒடலேயாவின் கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. எறும்பு தானாக ஊர்ந்தது.

"பிரமாதம்" என்றார் எர்மீனியா அம்மாள். "இனிமே ரிட்டயராகிற வரைக்கும் இதே கையெழுத்தைத்தான் போடணும். மாத்தினா மறுபடி நோட்டரி." பதிவேட்டை மூடினார். அந்த முப்பத்தைந்து வருஷ நடுக்கத்தைப் பற்றிக் கவலைப்பட ஒடலேயாவுக்கு நேரமில்லை. அவள் இப்போது அரசாங்கம்!

வாசலில் நாற்பத்தேழு இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

"போட்டாச்சா? கண்ணால பாத்தீங்களா? பதிவேட்டை மூடிட்டாங்களா?"

"மூடியாச்சு! அந்த ஜில்டாசியோ மூஞ்சியில கரியைப் பூசியாச்சு!"

அவன் மாமரத்தில் சாய்ந்து, நாள் முழுக்க அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டான். சவாரிக் காசை நீட்டினாள். வேண்டவே வேண்டாம் என்று பின்னால் நகர்ந்தான்.

"அப்போ ஏதாவது கேளுங்க" என்றாள் ஒடலேயா, தோளை நிமிர்த்தி. "படகுத்துறையில என்ன காரியம் ஆகணும்னாலும் சரி. அதிகாரி சொல்றேன்!"

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"ஒண்ணே ஒண்ணு. அந்த ரேங்க் பட்டியல் இன்னும் ரெண்டு வருஷம் செல்லும். அதுவரைக்கும் எவன் திட்டினாலும், எந்த ஊருக்கு மாத்தினாலும், வேலையை மட்டும் விட்டுடாதீங்க."

"நான் ஏன் விடப்போறேன்? அதுல உங்களுக்கு என்ன வந்துச்சு?"

ஃபோன் மறுபடி அலறியது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். களைத்த, நல்ல முகம். குள்ளநரிச் சாயல் கொஞ்சமும் இல்லை.

"நீங்க விட்டீங்கன்னா அடுத்த பேரு என்னோடது அதிகாரியம்மா" என்றான் ஜில்டாசியோ டவாரெஸ், பரிதாபமாக. "எனக்கு இந்த பைக்கே போதும். ஆனா எங்கம்மா ஆபீசுக்குப் போட டையெல்லாம் இஸ்திரி போட்டு மாட்டி வெச்சிருக்காங்க!"