முடிவுத் திருப்திப் பிரிவு

மனித குலத்துக்கு ஜெர்மனி அளித்த கொடைகளில் அச்சு இயந்திரத்தையும் ஆஸ்பிரின் மாத்திரையையும் எல்லோரும் அறிவார்கள். 2005ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஸ்டுட்கார்ட் நகரில், ஓர் அலுவலகக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், காப்பி இயந்திரத்துக்கும் கழிவறைக்கும் நடுவே நிறுவப்பட்ட 'முடிவுத் திருப்திப் பிரிவு' பற்றி மட்டும் வரலாறு வாய் திறப்பதில்லை. அந்தக் குறையைப் போக்குவது நம் கடமை. பிரிவின் மொத்த ஊழியர் பலம் ஒன்று. அவள் பெயர் அஜிதா.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அவர்களிடம் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். 'நிறுவனம்' என்றே சொல்வோம். அது கணினி விளையாட்டுகள் செய்து விற்றது. அந்த ஆண்டு அது வெளியிட்ட 'மூடுபனித் தீவுகள்' என்ற விளையாட்டில், லார்ஸ் என்ற இளைஞன் காணாமல்போன தன் அக்கா இங்காவைத் தேடி ஏழு தீவுகள் அலைகிறான். ஓநாய், கடற்கொள்ளையர், ஓட்டைப் படகு என்று வருகிற எல்லாவற்றையும் விளையாடுகிறவர்தான் அவனுக்காகச் சமாளிக்க வேண்டும். இப்படி அறுபது மணி நேரம். கடைசியில் ஏழாவது தீவின் கரை. பனிக்குள்ளே கையில் விளக்கோடு ஒரு பெண் உருவம். லார்ஸ் "அக்கா!" என்று கூப்பிடுகிறான். உருவம் திரும்புகிறது. உடனே திரை கறுத்துவிடுகிறது. பிறகு, விளையாட்டை உருவாக்கிய இருநூற்றுப் பதினான்கு பேரின் பெயர்கள், சாண்ட்விச் கொண்டுவந்து கொடுத்தவர் பெயர் உட்பட, சாவதானமாக மேலேறிப் போகின்றன.

முதல் வாரத்தில் நாலாயிரம் கடிதங்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: அது அக்காதானா? உல்ம் நகரத்து ஆசிரியை ஒருவர் விளையாட்டு வட்டைக் கத்தரிக்கோலால் நறுக்கி, துண்டுகளை உறையிலிட்டு, "இது உங்கள் முடிவு" என்று எழுதி அனுப்பியிருந்தார்.

நிறுவனம் பதறவில்லை. கூட்டம் போட்டது. விளையாட்டின் கதையை எழுதியவர் போர்ச்சுகலில் விடுமுறையில் இருந்தபடியே, "முடிவு விளையாடுபவரின் உள்ளத்தில் இருக்கிறது" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நான்கு மணி நேர விவாதத்தின் முடிவில், முடிவைப் பற்றி எந்த முடிவும் எடுப்பதில்லை என்று முடிவாயிற்று. அதற்குப் பதிலாக வாடிக்கையாளர்களின் 'உணர்ச்சி நிறைவை' உறுதிசெய்ய ஒரு தொலைபேசி வைக்கப்படும். பொறுப்பு: திரு. பீலிக்ஸ், வயது முப்பத்தொன்று, தன் பிறந்தநாளைக்கூட 'இலக்கு' என்று குறிப்பிடுகிறவர்.

தொலைபேசியை எடுக்க ஆள் வேண்டுமே. நான்கு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து தாயின் இடுப்பில் வந்து சேர்ந்து, இங்கேயே படித்து, அலுவலக வேலைக்கு 'அவுஸ்பில்டுங்' என்ற தொழிற்பயிற்சியும் முடித்திருந்த அஜிதாவுக்கு ஆறு மாத ஒப்பந்தம் கிடைத்தது. நன்றாகச் செய்தால் நிரந்தரம் என்றார் பீலிக்ஸ்.

"என்ன வேலை பிள்ளை?" என்று கேட்டார் அம்மா கமலநாயகி.

"போனிலை ஆக்களுக்கு முடிவு சொல்லுறது அம்மா."

"சாத்திரமோ?"

"சாத்திரம் இல்லை. கேம் ஒண்டு. அதிலை கடைசியா என்ன நடந்தது எண்டு தெரியாம ஆக்கள் அழுகினம்."

"ஓம், சாத்திரம்தான்" என்றார் அம்மா. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் மூன்று பேர் மகன்மாரின் சாதகக் குறிப்போடு அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அஜிதாவுக்குத் தரப்பட்ட தாளில் இரண்டே வாக்கியங்கள் இருந்தன. "உங்கள் உணர்வு எங்களுக்கு முக்கியமானது." "மூடுபனி வாழ்க்கையின் குறியீடு." முதல் மூன்று நாள் அவள் இதையே படித்தாள். கேட்டவர்கள் முதல் வாக்கியத்துக்குப் பெருமூச்சு விட்டார்கள். இரண்டாவதற்குத் திட்டினார்கள். நான்காம் நாள் உல்ம் ஆசிரியையே அழைத்துவிட்டார். குறியீட்டை எங்கே வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்ன இடத்தை இங்கே அச்சிட முடியாது. ஆனால் திட்டி முடித்ததும் அந்த அம்மாள் தழுதழுத்த குரலில், "அவன் செருப்பில்லாமல் நடந்து வந்தான், தெரியுமா?" என்றார்.

அஜிதாவுக்கு ஏதோ ஆகிவிட்டது. தாளைக் கவிழ்த்து வைத்தாள். "அது இங்காதான். அவள் அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை. முதலில் காலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரு சோடி கம்பளிக் காலுறை எடுத்துவந்தாள்" என்றாள்.

மறுமுனையில் ஆசிரியை நிம்மதியாக மூக்கைச் சிந்தினார்.

அதன்பிறகு அவளை யாரும் நிறுத்தவில்லை; அவளாலும் நிறுத்த முடியவில்லை. ஓய்வுபெற்ற தபால்காரருக்கு, இங்கா அந்தத் தீவில் தபாலகம் நடத்திவந்தாள். ஆஹென் நகரத்துச் சட்ட மாணவருக்கு, விளக்கோடு நின்றது சுங்க அதிகாரி. படிவங்கள் பூர்த்தியானதும் அக்கா பின்னறையிலிருந்து வந்தாள். அஜிதா வாழ்க்கையில் முதல்முறையாக வேலைக்கு அரை மணி முந்திப் போகத் தொடங்கினாள்.

மூன்றே வாரத்தில் இணைய மன்றங்களில் சண்டை மூண்டது. காலுறைக் கட்சியும் தபாலகக் கட்சியும் ஒருவரையொருவர் வசைபாடின. பீலிக்ஸ் அவளைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

"நீங்கள் அனுமதியில்லாமல் முடிவுகள் வழங்கியிருக்கிறீர்கள். மொத்தம் முந்நூற்று நாற்பது."

"ஓம்... ஆம்" என்றாள் அஜிதா. ஒப்பந்தம் கிழிகிற சத்தம் அவள் காதில் கேட்டது.

"கருத்துக்கணிப்பு எடுத்தோம். உங்களோடு பேசியவர்களில் தொண்ணூற்று நான்கு சதவீதம் பேர் மனநிறைவு அடைந்திருக்கிறார்கள். மன்னிக்க முடியாத அளவுக்கு நல்ல எண்." அவர் குரல் தழைந்தது. "இவ்வளவு நாளும் இதை இலவசமாகக் கொடுத்திருக்கிறோமே, அஜிதா!"

அந்த வாரமே அவள் 'முதுநிலை முடிவு ஆலோசகர்' ஆனாள். அவள் தொலைபேசியும் பதவி உயர்வு பெற்று, நிமிடத்துக்கு நிமிடம் காசு பிடிக்கும் எண்ணாக மாறியது. புதிய நடைமுறை விதிகள் சுவரில் ஒட்டப்பட்டன. முதல் நான்கு நிமிடம் அனுதாபம். அடுத்த நான்கு நிமிடம் பனிமூட்ட வருணனை. அதற்கடுத்த நான்கு நிமிடம் நம்பிக்கை. பன்னிரண்டாம் நிமிடத்துக்கு முன் முடிவு வெளிப்படக் கூடாது.

நம் அஜிதா அழுதுகொண்டே இதைச் செய்தாள் என்று சொன்னால் கேட்க நன்றாயிருக்கும். உண்மை அப்படியில்லை. அவள் பனியை அற்புதமாக வருணித்தாள். பல் வைத்தியர் ஒருவரைப் பத்தொன்பது நிமிடம் பனிக்குள்ளேயே வைத்திருந்தாள். பீலிக்ஸ் அந்த நாளில் கேக் வாங்கிவந்தார்.

புதிய விதிகள் வருவதற்கு நான்கு நாள் முன்னால் நடந்த ஓர் அழைப்பை இங்கே சொல்ல வேண்டும். ஒரு ஆண் குரல் தட்டுத்தடுமாறி ஜெர்மனில், "லார்ஸ்... அக்கா... முடிஞ்சுதா?" என்று கேட்டது. அந்தத் தடுமாற்றம் எந்த ஊருடையது என்று அஜிதாவுக்குத் தெரியும்.

"தமிழிலை கதையுங்கோ அண்ணை."

"ஐயோ, தமிழோ! நான் அரியரத்தினம், ஃபோயர்பாக்கிலை இருந்து. காலை முறிச்சுப்போட்டு ஆறு கிழமை வீட்டிலை குந்தியிருக்கிறன். மகன் அபிராம் இந்த விளையாட்டைப் போட்டுத் தந்தவன். கடைசியிலை இப்பிடிச் செய்துபோட்டாங்கள். சொல்லுங்கோ பிள்ளை, அவன் அக்காவைக் கண்டவனோ இல்லையோ?"

அஜிதா காலுறை முடிவை எடுத்தாள். அரியரத்தினம் இடைமறித்தார்.

"அது இருக்கட்டும். அக்காவுக்கு அவனிலை கோபம் இருந்திருக்குமோ?"

"என்ன கோபம் அண்ணை?"

"ஒண்டுமில்லை, சும்மா." பிறகு எல்லாம் கொட்டியது. அவருக்கும் ரொறன்ரோவில் ஓர் அக்கா, சிவகௌரி. அக்காவின் மகளுடைய சாமத்திய வீட்டுக்கு, அதாவது பூப்பு நீராட்டு விழாவுக்கு, இங்கிருந்து பிளேன் ஏறிப் போயிருக்கிறார். "வீடியோ வந்தது பிள்ளை. நான் சங்கிலி போட்ட இடத்தை வெட்டிப்போட்டு, மச்சானின்ரை ஆக்கள் புரியாணி சாப்பிடுறதை இருவது நிமிசம் காட்டுறாங்கள். நான் போனிலை ஏசிப்போட்டன். 'நீ எனக்கு அக்காவே இல்லை' எண்டும் சொல்லிப்போட்டன். இப்ப ஒன்பது வருசம்."

அஜிதா கொஞ்சம் யோசித்தாள்.

"கையிலை விளக்கோடை வந்து கரையிலை நிக்கிறா எண்டா, அது கோபமோ அண்ணை? கோபமெண்டா விளக்கை நூத்துப்போட்டுப் படுத்திருப்பாவே."

"அது சரிதான்" என்று சொல்லி வைத்துவிட்டார் அரியரத்தினம்.

அவர் மறுபடி அழைத்தது மூன்று வாரம் கழித்து, ஒரு பிற்பகல் இரண்டரை மணிக்கு. அதற்குள் எண் காசு பிடிக்கத் தொடங்கியிருந்தது. அஜிதா குரலில் விதிப்படி அனுதாபத்தை ஏற்றினாள். "அண்ணை, உங்கடை உணர்வு எங்களுக்கு..."

"பிள்ளை, நான் ரொறன்ரோவுக்கு எடுத்தனான். முதல்தரம், விளம்பரக்காரர் எண்டு நினைச்சு வைச்சுப்போட்டா. இண்டைக்கு இப்ப திருப்பி எடுத்தனான். நான் எண்டு அவவுக்குத் தெரியும். கதைக்கேல்லை. மூச்சு மட்டும் கேட்டது. எனக்கும் வாயைத் திறக்க ஏலாமப் போச்சு. ரெலிபோன் காட்டிலை காசு முடிஞ்சுது. நொண்டி நொண்டிப் போய் புதுக் காட் வாங்கிவந்து வைச்சிருக்கிறன். இனி என்ன செய்யிறது? அந்தப் பெடியன் என்ன செய்தவன்?"

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நின்ற பீலிக்ஸ், அவள் முகத்தைப் பார்த்தே இது நீண்ட அழைப்பு என்று கணித்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நிரந்தர ஒப்பந்தம் அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதை அவளே பார்த்திருந்தாள்.

"அண்ணை... அந்தக் கரை முழுக்கப் பனி. வெள்ளைப் பனி. ஒரு பக்கமும் தெரியாது..."

"ஓம் பிள்ளை."

"கடலும் தெரியாது. வானமும் தெரியாது..."

"ஓம், ஓம். கெதியாச் சொல்லுறீங்களோ? அங்கை இப்ப காலமை எட்டரை. ஒன்பதுக்கு அவ வேலைக்கு வெளிக்கிட்டிடுவா."

அஜிதா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நிமிடம் ஐம்பது வினாடி. விதிப்படி முடிவுக்கு இன்னும் எட்டு நிமிடம் பாக்கி இருந்தது.

"அண்ணை, பனியும் இல்லை, மண்ணும் இல்லை. இதுக்கு நிமிசத்துக்கு நிமிசம் காசு பிடிக்கிறாங்கள். போனை வையுங்கோ. வைச்சுப்போட்டு அவவுக்கு எடுங்கோ. எடுத்து 'அக்கா' எண்டு ஒருக்காக் கூப்பிடுங்கோ. அந்தப் பெடியனும் அவ்வளவுதான் செய்தவன்."

"அதுக்குப் பிறகு?"

"பிறகு அவ பாடு."

"நல்லது பிள்ளை. நீங்கள் ஊரிலை எந்தப் பக்கம்? அப்பா ஆர்?"

"வையுங்கோ அண்ணை!" என்று அஜிதா கத்தினாள். அவர் பயந்து வைத்துவிட்டார். நான்கு நிமிடம் பதினொரு வினாடி.

தரத்தை மேம்படுத்தும் உயரிய நோக்கோடு எல்லா அழைப்புகளும் பதிவு செய்யப்பட்டன. இது தமிழில் இருந்ததால் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் அனுப்பப்பட்டு, ஐந்து நாளில் முத்திரையோடு திரும்ப வந்தது. பீலிக்ஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஆராய்ந்தார்.

"மண் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். நம் விளையாட்டில் மண் நிறைய இருக்கிறதே?"

"அது ஒரு பேச்சு வழக்கு."

"தொலைபேசியை வைக்கும்படி வாடிக்கையாளரிடம் நீங்களே சொன்னீர்கள். இரண்டு தடவை."

"அவருக்கு மனநிறைவு கிடைத்ததா இல்லையா?" என்று கேட்டாள் அஜிதா. "நமக்கு அதுதானே வேண்டும்?"

பீலிக்ஸ் மிகுந்த வேதனையோடு அவளைப் பார்த்தார். "முழுமையாகக் கிடைத்திருக்கிறது. ஐந்து நாளாகிறது, அந்த மனிதர் திரும்ப அழைக்கவே இல்லை."

கையெழுத்துக்குக் காத்திருந்த ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. பழையதையும் ஆறு மாதம் ஆகும் முன்பே, அந்த மாதக் கடைசியோடு முடித்துவிட்டார்கள்.

அவள் மேசையைக் காலிசெய்து, கோப்பையும் பூச்செடியும் உள்ள பெட்டியோடு கீழே வந்தபோது, வரவேற்பில் ஒருவர் நொண்டிக்கொண்டு நின்றிருந்தார். கையில் ஒரு பொட்டலம். 'டெர்மின்', அதாவது முன்கூட்டியே குறித்த நேரம், இல்லாமல் மேலே போக முடியாது என்று வரவேற்பாளர் சொல்ல, "முடிவு சொல்லுற பிள்ளையைப் பாக்க வேணும்" என்பதை அவர் மூன்று விதமான ஜெர்மனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அரியரத்தினம் அண்ணையோ?"

"பிள்ளை!" என்று பொட்டலத்தை அவள் பெட்டிக்குள் பூச்செடிக்குப் பக்கத்தில் வைத்தார். "ரோல்ஸ். மனிசி சுட்டது. எடுத்தனான் பிள்ளை! 'அக்கா' எண்டன். 'ஏன்ரா நாயே, இவ்வளவு நாளும் எடுக்கேல்லை' எண்டு தொடங்கினவ, முக்கால் மணித்தியாலம் ஏச்சு. வேலைக்கும் போகேல்லை. எனக்கு இன்னும் காது நோகுது."

"வீடியோ?"

"அது வீடியோக்காரன் வெட்டினதாம்." அவர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "நான் இன்னும் நம்பேல்லை. ஆனா ஓகஸ்டிலை போறன்."

அஜிதா அங்கேயே நின்று ஒரு ரோல்ஸ் தின்றாள். அந்த வேலைக்கு அவள் வாங்கிய சம்பளத்திலேயே ருசியானது அதுதான் என்று அப்போது அவளுக்குத் தோன்றியது.

நிறுவனமும் அவளை வெறுங்கையோடு அனுப்பவில்லை. முறைப்படி ஒரு வேலைச் சான்றிதழ் வந்தது. ஜெர்மனியில் இந்தச் சான்றிதழ் ஒரு தனி இலக்கியம். விலகிப் போகிறவரைப் பற்றி அதில் கெடுதலாக எழுதச் சட்டம் இடம் கொடுக்காது. ஆகவே திட்ட வேண்டியவர்களைப் பாராட்டித்தான் திட்ட வேண்டும். 'நேரம் தவறாதவர்' என்றால், வந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. 'பழகுவதற்கு இனியவர்' என்றால், பேசியே வேலையைக் கெடுத்தார். அடுத்த வேலை கொடுக்கிறவருக்கு இது எழுத்துக்கு எழுத்து புரியும்.

வேலை தேடித்தரும் அலுவலகத்தில், நரைத்த தலையும் அன்பான முகமும் கொண்ட ஓர் அம்மாள் அஜிதாவின் சான்றிதழை வாங்கினார். இருபது வருடமாக இவற்றையே படித்துவருகிறவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"'அஜிதா தம்மை நாடிய ஒவ்வொரு வாடிக்கையாளரையும் மிகக் குறுகிய நேரத்தில் முழுமையாகத் திருப்திப்படுத்தினார்.'"

அவர் முகம் வெளுத்தது. கண்ணாடியைக் கழற்றினார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"நிறுவனத்துக்கு அப்படி என்னம்மா துரோகம் செய்தீர்கள்?"