மண்ணாங்கட்டி மாமிக்கு ஒரு டம்ளர் தண்ணீர்

சென்னையில் கேட்டவுடன் தண்ணீர் கிடைத்தும், அதைக் குடிக்காமலே கொடுத்தவர்கள் அத்தனை பேரையும் பகைத்துக்கொண்ட ஒரே மனுஷி எங்கள் மண்ணாங்கட்டி மாமிதான். மாம்பலத்திலிருந்து அடையாறு வரை பல வீட்டுக்காரர்கள் அவரை இன்னும் மறக்கவில்லை. என்னையும் மறக்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்ற பாவம் என்னுடையது.

மேற்கு மாம்பலத்தில் ஒரே காம்பவுண்டில் முன் போர்ஷனில் நாங்கள், பின் போர்ஷனில் மாமி. கல்லூரியில் மண்ணைப் பற்றிப் பாடம் நடத்துபவர். தனி ஆள். அலமாரி முழுக்க ஊறுகாய் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தெருவின் மண். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் அதில் ஒன்றைத் திறந்து மோந்து பார்த்து, "பருப்புப் பொடிக்குப் பெருங்காயம் பத்தலையே" என்று சொல்லிவிட்டார். மாமி கோபப்படவில்லை. "கோடம்பாக்கம் மண்ணு. அதுல பெருங்காயம் இருக்காது" என்றார்.

பட்டப்பெயர் வந்த கதை சின்னது. தெருவில் குனிந்து ஒரு கட்டியை எடுத்து அவர் விளக்க ஆரம்பித்தபோது, எதிர்வீட்டுக்காரர் "என்ன மண்ணாங்கட்டி ஆராய்ச்சியோ" என்று முணுமுணுத்தார். வேறு யாராக இருந்தாலும் சண்டை வந்திருக்கும். மாமி மலர்ந்துபோய், "அதேதான். மண்ணாங்கட்டி ஆராய்ச்சிதான். ஒரு டம்ளர் தண்ணி குடுங்கோ, காட்டறேன்" என்றார்.

அவர் செய்வது இதுதான். காய்ந்த கட்டியை டம்ளர் தண்ணீரில் போடுவார். உயிருள்ள மண் என்றால் வேரும் பூஞ்சையும் பிடித்து வைத்திருக்கும், கட்டி அப்படியே நிற்கும். செத்த மண் என்றால் போட்டவுடன் பொலபொலவென்று கரைந்துவிடும். அப்படிப்பட்ட மண்ணுக்குள் மழை இறங்காது, மேலேயே நிற்கும். டம்ளரைப் பார்த்தே தெருவின் தலையெழுத்தைச் சொல்வார். எதிர்வீட்டு மண் கரைந்தது. எதிர்வீட்டுக்காரர் டம்ளரையே திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் தூரத்திலிருந்து ரசித்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு மழைக்காலத்தில் வினை வந்தது. விடியற்காலையில் எழுந்து காலைக் கீழே வைத்தால் தண்ணீர். என் மகள் யாழினிக்கு அப்போது எட்டு மாதம். அவளைத் தூக்கிக்கொண்டு கட்டில் மேல் ஏறி உட்கார்ந்தேன். அவளுடைய பிளாஸ்டிக் வாத்து வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையாகவே நீந்தியது. அவள் கைதட்டினாள், நான் அழுதேன். அப்போது புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாமி உள்ளே வந்தார். சுவரில் ஈரம் ஏறிய இடத்தைத் தடவிப் பார்த்து, தூரத்து உறவினர் வந்ததுபோலச் சொன்னார்:

"ஏரி வந்திருக்குடி."

"எந்த ஏரி மாமி?"

"இங்க இருந்த ஏரி. அதோட எடத்துலதானே நாம குடியிருக்கோம்."

அன்றே முடிவு செய்தேன். அடுத்த மழைக்குள் வேறு வீடு. ஆனால் மாடி வீடு வேண்டாம், பால்கனி இருக்கும், குழந்தை எட்டிப் பார்ப்பாள். தரைத்தளமும் பயம், ஏரி எட்டிப் பார்க்கும். என் கணவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ மாடிப்படி நடுவுல குடியிருக்கலாமா?" என்றார். கடைசியில் தரைத்தளம்தான், ஆனால் தண்ணீர் வராத தரைத்தளம் என்று தீர்மானமானது. "நான் பார்த்துச் சொல்றேன்" என்று மாமி கிளம்பினார். கையில் ஒரு இரும்புக் கம்பி. முனையில் திருகு, மேலே குறுக்குப் பிடி. அதை நிலத்தில் வைத்துத் திருகினால் அடிமண் மேலே வரும்.

முதல் வீடு மாம்பலம் ஸ்டேஷன் பக்கம். புரோக்கர் பாபு, "ஒரு சொட்டு தண்ணி நிக்காது மேடம், என் புள்ள மேல சத்தியம்" என்றான். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது பிறகு தெரிந்தது. மாமி தண்ணீர் கேட்டார். வீட்டுக்கார அம்மா மரியாதையாக வெள்ளி டம்ளரில் கொண்டுவந்தார். மாமி தென்னை மரத்தடிக் கட்டியை அதில் போட்டார். அந்த அம்மாவின் முகம் கட்டிக்கு முன்னால் கரைந்தது.

"இந்த ஆத்துல தண்ணி வரும்" என்றார் மாமி.

பாபு குழம்பிப்போனான். "ஆத்துல தண்ணி வராம வேற இன்னா மேடம் வரும்? அதுவும் இங்க ஏது ஆறு? ஆறு அந்தாண்ட கீது."

"ஆத்துலன்னா வீட்டுல பாபு. அவங்க அப்படித்தான் பேசுவாங்க" என்றேன்.

"வூட்டையே ஆறுன்னு சொல்லிக்கினு கீறாங்களா? அப்ப இன்னாத்துக்கு மேடம் வூடு பாக்குறீங்க. படகு பாருங்க."

அடையாறில் பார்த்த வீடு எனக்குப் பிடித்திருந்தது. மாமி பின்சுவரின் அடியில் பூத்திருந்த வெள்ளைப் படிவத்தை விரலால் சுரண்டி நாக்கில் வைத்து, "உப்பு ஜாஸ்தியா இருக்கு" என்றார். சமையலறையிலிருந்து அந்த வீட்டு அம்மா, "இன்னும் சமைக்கவே இல்லியே" என்று குரல் கொடுத்தார். "அடியில இருக்கற நல்ல தண்ணியை எல்லாரும் மோட்டார் போட்டு உறிஞ்சிட்டா கடல் பார்த்துண்டு இருக்குமா, உள்ள வராதா?" என்று மாமி சுவரைப் பார்த்துக் கேட்டார். சுவர் பதில் சொல்லவில்லை. வீட்டுக்காரர் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

தி.நகரில் கூட்டமே கூடிவிட்டது. கம்பியைத் திருகத் திருக முதலில் செங்கல் துண்டு, பிறகு செம்மண், பிறகு ஒரு பால் கவர், அதற்கும் கீழே சாம்பல் நிறக் களிமண்ணில் நத்தை ஓடுகள். பக்கத்து வீட்டுத் தாத்தா, "புதையல்னா அரசாங்கத்துக்குச் சொல்லணும்மா" என்றார். மாமி களிமண்ணில் துருப்பிடித்தாற்போல் இருந்த ஆரஞ்சுப் புள்ளிகளை எல்லோருக்கும் காட்டினார். "இந்தப் புள்ளி இருக்கற வரைக்கும் தண்ணி ஏறி ஏறி இறங்கறதுன்னு அர்த்தம். குப்பையைப் போட்டு மூடினா ஏரிக்கு மறந்துபோயிடுமா?" அந்த வீட்டுக்காரர் பாபுவின் போனை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

நாலாவது மந்தைவெளி. சின்ன வீடு, வாசலில் ரோஜாப் பாத்தி, உள்ளே பெரிய ஹால். வீட்டுக்கார அம்மா பாட்டு டீச்சர், பின்பக்கம் குடியிருந்தார். யாழினி உள்ளே நுழைந்ததும் ஹால் நடுவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தரையைத் தட்டினாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மாமி ரோஜாப் பாத்தியில் கை வைத்தார். சாம்பல் களிமண். நத்தை ஓடு. துருப் புள்ளி. கட்டி டம்ளரில் விழுந்ததும் கரைந்தது.

"வேண்டாம்" என்றார்.

டீச்சருக்கு மூக்கு சிவந்தது. "நான் இந்த ஆத்துலதான் பொறந்து வளர்ந்தேன். வாசல்ல ஒரு நாள் தண்ணி நின்னதில்லை."

"நீங்க சொல்றேள். மண்ணு வேற சொல்றது. மண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"நன்னா இருக்கு. போறச்சே அந்த டம்ளரைத் தேய்ச்சு வெச்சுட்டுப் போங்கோ."

வீட்டுக்கு வந்தோம். செப்டம்பர் முடியப்போகிறது. பாபு வேறு வீடே இல்லை என்றான். இருந்தாலும் எங்களுக்கு இல்லை என்பதுதான் அதன் பொருள். சாயங்காலம் மேகம் கறுத்தால் போதும், யாழினியின் துணிகளை அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு மாற்றுவேன். மேகம் கலைந்தால் திரும்பக் கீழே வைப்பேன். டீச்சரை நம்பியிருக்கலாமோ? மாமி சொல்வதை மீறிப் போய்த் தண்ணீர் வந்தால்? அந்த வாரம் அலமாரியில் எது எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாது.

ஒரு நாள் காலையில் பாபுவிடமிருந்து போன். "மேடம், உங்க ஆத்து மேடம் மந்தவெளில கேட்டாண்ட நின்னுக்கினு கீறாங்க. டீச்சர் கதவத் தொறக்க மாட்றாங்க. மழ வேற தூறுது. நீங்க வந்து இட்டுக்கினு போங்க."

குழந்தையோடு ஆட்டோ பிடித்து ஓடினேன். மாமி கம்பியை ஊன்றிக்கொண்டு நனைந்தபடி நின்றார். உள்ளே டீச்சர் யாருக்கோ பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார், வழக்கத்தைவிடச் சத்தமாக.

"என்ன மாமி இது?"

"சுவர்டி. ஏரி மண்ணா இருந்தா சுவத்துல ஈரம் ஏறியிருக்கணும். இந்தச் சுவர் அப்பளம் மாதிரி காய்ஞ்சிருந்தது. அன்னிலேருந்து உறுத்திண்டே இருக்கு." பிறகு கதவைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார்: "நான் தப்பாப் படிச்சுட்டேன் போலருக்கு. இன்னொரு தரம் பார்க்கணும்."

பாட்டு நின்றது. கதவு திறந்தது.

மாமி இந்த முறை பாத்தியை விட்டுத் தள்ளி, பவழமல்லிச் செடி ஓரம் திருகினார். மேலே வந்தது மணல். மஞ்சளாக, வறுத்த ரவை மாதிரி. இன்னும் கீழே போனாலும் மணல்தான். நத்தையும் இல்லை, துருவும் இல்லை. மாமி அதை உள்ளங்கையில் உருட்டினார். "கடல் போட்ட மேடு இது. எவ்வளவு மழை வந்தாலும் குடிச்சுடும்." பிறகு ரோஜாப் பாத்தியைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ அது?"

"ரோஜாவுக்குன்னு வாங்கினது" என்றார் டீச்சர். "தி.நகர்ல யாரோ அஸ்திவாரம் தோண்டறச்சே லாரில கொண்டுவந்து போட்டா."

"அன்னிக்கே சொல்லியிருக்கப்படாதா?"

"நீங்க எங்க என்னைக் கேட்டேள்? மண்ணைன்னா கேட்டேள்."

மாமி அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. டீச்சரும் சிரித்துவிட்டார். பாபு மட்டும் பாத்தியைச் சந்தேகமாகப் பார்த்தபடி, "அப்ப இந்த மண்ணும் வாடகைக்கு வந்ததுதானா? இத யாரு மேடம் புரோக்கர்?" என்றான்.

குடிவந்தோம். மழையும் வந்தது. முதல் நாள் முழுக்க வாசல் கதவைத் திறந்து திறந்து பார்த்தேன். ரோஜாப் பாத்தியில் மட்டும் தி.நகர் கொஞ்சம் தேங்கி நின்றது. மற்ற இடமெல்லாம் விழுந்த தண்ணீரை மணல் சத்தமில்லாமல் உள்ளே இழுத்துக்கொண்டது. யாழினியின் துணிகள் கீழ்த்தட்டிலேயே இருந்தன. அப்போதுதான் மாமியின் நினைப்பு வந்து, பதறிப்போய் போன் செய்தேன்.

"மாமி, ஆத்துல தண்ணி வந்துடுத்தா?"

என் வாயில் அவர் பாஷை வந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

"வந்துடுத்து. கட்டில் கால் வரைக்கும்."

"எங்களுக்குப் பாத்தீங்களே, உங்களுக்கும் ஒண்ணு பாத்திருக்கலாம்ல."

"ஏரி மேல ஆத்தைக் கட்டிண்டு, ஏரியைப் பார்த்து ஏன் வந்தேன்னு கேக்க முடியுமாடி. அது வரச்சே வான்னு சொல்ல ஒருத்தியாவது வேண்டாமா?"

என் கணவர் போய் அவரை அழைத்துவந்தார். ஒரு பை நிறையத் துணி, இரண்டு பை நிறைய ஊறுகாய் பாட்டில். அன்றிலிருந்து மழைக்காலம் வந்தால் மாமி எங்கள் வீட்டில்தான். யாழினிக்கு இப்போது ஓடவும் குனியவும் தெரியும். மாமி நாற்காலியில் உட்கார்ந்ததும் வாசலுக்கு ஓடி ஒரு கட்டியைப் பொத்தி எடுத்துக்கொண்டு வருவாள். அந்தக் கையில் என்னென்ன கிருமியோ! சோப்பு போட்டுக் கழுவுவேன், சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் கழுவுவேன்.

ஆனால் மாமி கேட்பதற்கு முன்பே இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிடுவேன். ஒன்று குடிக்க.