துண்டைக் கண்டால் நிற்கும் மோட்டார்

பாலக்கோடு பக்கம்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள மச்சான் பூவரசனுக்கு மாமா முனிராஜ் எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அக்கா அமுதவல்லி, எருமை இரண்டு, கன்று ஒன்று, எல்லோரும் சௌக்கியம். கிணற்று மோட்டார் மட்டும் சௌக்கியமில்லை. ஓசூரில் நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். எங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவன் வேறு எப்படி இருப்பாய்? இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனை எடுத்தால் பாதியில் உன் அக்கா பிடுங்கிக்கொண்டு, நான் திட்ட ஆரம்பித்ததைக் கொஞ்சலாக முடித்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். இதை அவள் பிடுங்க முடியாது.

என் மகள் சுகுணா டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருந்தபோது, "மாமா, புள்ளைய தருமபுரியில பி.எல்.சி. ட்ரெயினிங்ல சேத்து விடுங்க, கையாலயே எல்லாம் செய்யக் கத்துத் தருவாங்க, அப்புறம் ஓசூர் கம்பெனிங்க கூப்புட்டுக்கும்" என்று சொன்னது நீதானே? பி.எல்.சி. என்றால் என்ன என்று நான் கேட்டதற்கு, "மிஷினுக்கு மூளை மாமா, நாம சொல்லி வச்சபடி அதுவே யோசிச்சு நடக்கும்" என்றாய். நம் வீட்டில் மனுஷர்களே சொன்னபடி நடப்பதில்லை, மிஷினாவது நடக்கட்டும் என்று நானும் சேர்த்துவிட்டேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

சேர்ந்த கொஞ்ச நாளில் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். பெரிய ஹால். நடுவில் ஒரு ரப்பர் பெல்ட் ஓடுகிறது, அதன்மேல் காலி பாட்டில்கள் வரிசையாகப் போகின்றன, ஒரு இரும்புக் கை வந்து கோணலாக இருக்கிற பாட்டிலை மட்டும் தள்ளிவிடுகிறது. பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வந்தவனை வா என்று கேட்க ஆள் இல்லை. பக்கத்தில் ஒரு பெட்டியில் காளான் மாதிரி சிவப்பாக, பெரிதாக ஒரு பொத்தான் இருந்தது. இவ்வளவு பெரிய பொத்தான் என்றால் அது ஆளைக் கூப்பிடுகிற பெல்தான் என்று அமுக்கினேன். பெல்ட் நின்றது, கை நின்றது, அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். உள்ளேயிருந்து சொல்லிக்கொடுக்கிற முதசிர் சார் ஓடி வந்தார். ஆபத்து என்றால் மட்டும் அமுக்குகிற பொத்தானாம் அது. "யார் அமுக்குனது?" என்றார். "நான்தாங்க, சுகுணாவோட அப்பா" என்றேன். சுகுணா மேஜைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்துவிட்டாள். ஆனால் ஒன்று சொல்கிறேன், சார் வந்தாரா இல்லையா? பெல்லுக்கு வேறு என்ன வேலை?

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கடைசியில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு வேலையை மிஷினுக்குச் சொல்லிக்கொடுத்து ஓட்டிக் காட்ட வேண்டுமாம். சரியாக ஓடினால் முதசிர் சார் ஓசூர் கம்பெனிக்குப் பேரைச் சொல்லிவிடுவார், ஓடாவிட்டால் கிடையாது. மற்ற பிள்ளைகள் லிப்ட், சிக்னல் என்று பொம்மை செய்தார்கள். உன் அக்கா மகள் மட்டும் நம் பங்குக் கிணற்றைப் பிடித்துக்கொண்டாள்.

பங்குக் கிணற்று விஷயம் உனக்குத் தெரியும். எனக்கும் என் பெரியப்பா மகன் குப்புராஜ் அண்ணனுக்கும் பாதிப் பாதி. கிணற்று மேட்டு வேப்பமரத்தை அவர் என்னைக் கேட்காமல் வெட்டியதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. அப்போது சுகுணா பால்வாடி கூடப் போகவில்லை. பேச்சில்லாமல் தண்ணீரை எப்படிப் பங்குபோடுவது? தொட்டி ஓரத்தில் ஒரு கம்பி நிற்கிறதல்லவா, அதில் யார் துண்டு தொங்குகிறதோ அவர் முறை. என் முறை முடிந்தால் அவர் வந்து என் துண்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டு அவர் துண்டை மாட்டுவார். அவர் முறை முடிந்தால் நான் அதையே செய்வேன். இத்தனை வருஷமும் ஒரு வார்த்தை பேசாமல் மரியாதையாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

சுகுணா என்னை உட்கார வைத்து, "அப்பா, உங்க முறை எப்ப முடியும்? கண்டிஷன் சொல்லுங்க" என்றாள்.

"காடு நனைஞ்சா முடியும்."

"நனைஞ்சிடுச்சுன்னு எப்டித் தெரியும்?"

"கால வச்சா தெரியும்."

"கன்ட்ரோலருக்குக் கால் இல்லப்பா."

அப்படியென்றால் அது விவசாயத்துக்கு லாயக்கில்லை என்று நான் எழுந்துவிட்டேன். அவள் நேராகக் குப்புராஜ் அண்ணன் வீட்டுக்குப் போய் அவரையும் கேட்டிருக்கிறாள். அவர், "உங்கப்பன் போதும்னு என்னிக்கும் சொன்னதில்ல கண்ணு, நான் வந்து துண்ட எடுத்தாதான் முடியும்னு எழுதிக்க" என்றாராம். அதைக் கேட்டு நான் ஒன்று சொல்ல, அதை அவள் அங்கே போய்ச் சொல்ல, அவர் ஒன்று சொல்ல, இரண்டு வீட்டுக்கும் நடந்து நடந்து அவள் செருப்பு அறுந்தது. கடைசியில், த்ரீ பேஸ் கரண்டு இருக்கிற நேரத்தில் முன்பாதி எனக்கு, பின்பாதி அவருக்கு என்று முடிவானது. சொல்லப்போனால் இதுவரை எங்கள் முறைக்கு விதி என்று ஒன்று இருந்ததே இல்லை, யார் முறைத்துக்கொண்டு நிற்கிறாரோ அவருக்குத்தான் தண்ணீர்.

மோட்டார் கொட்டாயில் பெட்டியை மாட்டினாள். கரண்டு வந்தால் அதுவே மோட்டாரைப் போடும். யார் முறையோ அவர் பக்கத்து வால்வைத் திறக்கும். தொட்டிக்கு மேலே கண் மாதிரி ஒரு சென்சார். தண்ணீர் ஏறி அதன் கிட்டே வந்தால், தொட்டி நிரம்பிவிட்டது என்று மோட்டாரை நிறுத்தும். அந்தச் சென்சாரை மாட்ட ஒரு கம்பி வேண்டும் என்று தேடினாள். கிணற்றடியில் கம்பி ஏது? துண்டு மாட்டுகிற கம்பிதான். இனிமேல் மிஷினே முறை பார்க்கும், துண்டு எதற்கு என்று நினைத்தாளாம்.

போன வியாழக்கிழமை முதசிர் சார் பார்க்க வந்தார். உன் அக்கா பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள். கரண்டு வந்தது, மோட்டார் தானாக ஓடியது, என் பக்கத்து வால்வு தானாகத் திறந்தது, தக்காளிக்குத் தண்ணீர் பாய்ந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது மச்சான், பொய் சொல்லவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் முறையல்லவா, பழக்கத்தில் துண்டைக் கம்பியில் மாட்டினேன். மோட்டார் நின்றது.

சுகுணாவும் சாரும் கொட்டாய்க்குள் ஓடினார்கள். ஒயரைப் பார்க்கிறார்கள், லேப்டாப்பைப் பார்க்கிறார்கள். எனக்கு வேர்த்துக் கொட்டியது, துண்டை எடுத்துத் துடைத்தேன். மோட்டார் ஓடியது. உள்ளே எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம், துண்டைத் திரும்ப மாட்டினேன். நின்றது. இப்படியே ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. திருஷ்டிதான் என்று உன் அக்கா மோட்டார் தலையில் தேங்காய் சுற்றி உடைத்தாள். தேங்காய்த் தண்ணீர் சாரின் லேப்டாப் மேல் தெறித்தது.

அதற்குள் குப்புராஜ் அண்ணன் முறைக்கு நேரமாகிவிட்டது. வந்தவர் வழக்கம்போல என் துண்டை எடுத்துக் கீழே போட்டார். மோட்டார் ஓடியது. "பாத்தியா, என் கை பட்டா ஓடுது!" என்று பெருமையாகத் தன் துண்டை மாட்டினார். நின்றது. என்னைப் பார்த்துத் திரும்பினார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்: "ஏன்டா முனிராஜு, பொண்ண வச்சு என் தண்ணிய நிறுத்துறியா?"

"மரத்த வெட்டுனவன் தண்ணியப் பத்திப் பேசாத!" என்றேன் நான். வேப்பமரத்தில் ஆரம்பித்து, என் கல்யாணத்தில் அவருக்குப் பாயசம் வைக்காமல் விட்டது வரைக்கும் போனது. விட்ட பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசினோம். நாங்கள் கத்திக்கொண்டிருக்கும்போது சுகுணா வெளியே வந்து கம்பியையே பார்த்தாள். துண்டை எடுத்தாள், மோட்டார் ஓடியது. மாட்டினாள், நின்றது. துண்டு சென்சார் முன்னால் தொங்க, தொட்டி நிரம்பிவிட்டது என்று அது நினைத்திருக்கிறது. முதசிர் சார் கிணற்று மேட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துவிட்டு, "ப்ரோகிராம்ல தப்பில்லம்மா. ஆனா இவங்க துண்டு போடுவாங்கன்னு உனக்குத் தெரியும்தானே? சரி பண்ணி வை, இன்னொரு தடவ வந்து பாக்கறேன்" என்று கிளம்பிவிட்டார்.

சுகுணா அன்று சாப்பிடவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன். "நீங்க துண்ட கைல வச்சிருந்தா இந்நேரம் எனக்கு வேலப்பா" என்றாள்.

ஆகவே மச்சான், வருகிற ஞாயிறு நீ நேரில் வந்து இந்தப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகவும். ஓசூரும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம் என்று நீயே சுகுணாவிடம் சொல்லவும், அவள் உன் பேச்சைத்தான் கேட்பாள். தருமபுரியிலேயே ஏதாவது கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கட்டும், சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிடட்டும். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அவள் போய்விட்டால் நானும் உன் அக்காவும் எருமையிடம்தான் பேச வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. அவளை அனுப்ப மாட்டேன். இது என் முடிவு, இதில் மாற்றமில்லை.

உன் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் ஆசீர்வாதம். குழந்தைக்குப் பல் முளைத்ததா? நல்லபடியாக இருங்கள், சிவப்புப் பொத்தான் எதையும் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
உன் மாமா
முனிராஜ்

பின்குறிப்பு: தபால் தலை வாங்கப் போகாததால் இந்தக் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. அதற்குள் சில காரியங்கள் நடந்துவிட்டன. சுகுணா சென்சாரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, கம்பியில் இரண்டு கொக்கி வைத்து, கொக்கிக்கு ஒரு சென்சார் போட்டுவிட்டாள். என் கொக்கியில் துண்டு தொங்கினால் தண்ணீர் என் பக்கம், அண்ணன் கொக்கியில் தொங்கினால் அவர் பக்கம், இரண்டிலும் தொங்கினால் மோட்டார் நின்றுவிடும். இந்தக் கடைசி யோசனை தன்னுடையது என்று அவர் ஊரெல்லாம் சொல்கிறார். என்னுடையது. முதசிர் சார் வந்து, தானே ஒரு துண்டை மாட்டி மாட்டிப் பார்த்துவிட்டு, கம்பெனிக்குப் பேரைச் சொல்லிவிட்டார். நான் அனுப்புவதா வேண்டாமா என்று நிற்கும்போது குப்புராஜ் அண்ணன், "இவ்ளோ செஞ்ச புள்ளைய வூட்ல பூட்டி வச்சீன்னா உனக்கும் எனக்கும் பேச்சில்ல" என்றார். பேச ஆரம்பித்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதற்குள் எப்படி விடுவது?

அதனால் நீ இங்கே வர வேண்டாம். கடிதம் வரும்போது சுகுணா உன் வீட்டில்தான் இருப்பாள். மேலே எழுதியதை அவளிடம் காட்டாதே. இன்று காலை பஸ் ஏற்றிவிட்டேன். நான் துண்டால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து, "இத வச்சிக்கிட்டு அழுதுனே இருப்பீங்க, குடுங்க" என்று பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பஸ் ஸ்டாப்பிலிருந்து நேராகக் கிணற்றுக்கு வந்தேன், என் முறை. தோளில் துண்டில்லை. நான் வரும்வரைக்கும் என்று அண்ணன் தன் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "ஏறிட்டாளா?" என்றார். தலையாட்டினேன். கரையேறி வந்து, தன் துண்டைத் தன் கொக்கியிலிருந்து எடுத்து என் கொக்கியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். யார் துண்டு என்று மிஷினுக்குத் தெரியாது. தண்ணீர் என் தக்காளிக்குப் பாய்ந்துகொண்டிருக்கிறது, நான் தொட்டி மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.