தவறிப்போய் ஒரு பட்டதாரி

டேவியன் பிரெக் இன்னும் கல்லூரியிலேயே சேரவில்லை என்ற விஷயம் லோர்னா பெட்ரிக்குக்குத் தெரியவந்தபோது காலை மணி ஒன்பதரை. மாலை ஐந்துக்குள் அவன் சேர்ந்தாக வேண்டும்.

பையன் கெல்பர்ன் ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு அவன்தான் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவன். அவன் ஒழுங்காக எறிந்தால் அணி ஜெயிக்கும், இல்லாவிட்டால் இல்லை. இருபத்து நான்கு லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டாயிற்று. வீடு கொடுத்தார்கள், கார் கொடுத்தார்கள், பீட்சா கடைக்காரர் தன் கடையின் பெரிய பீட்சாவுக்கு அவன் பெயரையே வைத்துவிட்டார். வகுப்பில் சேர்க்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில் ஒரு பழைய சம்பிரதாயம் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் இருபத்தெட்டு மாலை ஐந்து மணிக்குள் விளையாட்டு வீரர் இந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவராக இருக்க வேண்டும், தவறினால் ஒப்பந்தம் செல்லாது. அன்றைக்குத்தான் ஆகஸ்ட் இருபத்தெட்டு.

லோர்னா விளையாட்டுத் துறையில் படிப்பு ஆலோசகர். பத்தொன்பது வருஷ சர்வீஸ். வீரர்கள் யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது என்று விதி இருந்த காலத்தில், பயிற்சியாளர் வாங்கிக் கொடுத்த ஒரு சாண்ட்விச்சைத் தின்ற குற்றத்துக்காக ஒரு பையனை இரண்டு ஆட்டம் பெஞ்சில் உட்கார வைத்தவள். இப்போது அந்தச் சாண்ட்விச் கடையே பையன்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது.

துறை இயக்குநர் கார்ல்டன் விப் அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். புதுக் கூட்டணியில் சனிக்கிழமை முதல் ஆட்டம் என்பதை அவளுக்கு நினைவுபடுத்தினார். தொண்ணூற்று நான்கு வருஷமாகக் கெல்பர்ன் இருந்த கூட்டணியில் எட்டுக் கல்லூரிகள். எல்லா ஊருக்கும் பஸ்ஸில் போய் ஆடிவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். டிவிக்காரர்கள் காசைக் காட்டினார்கள், கூட்டணி சிதறியது. அரசியல்வாதிகள் கூடத் தேர்தல் வரும்வரை பொறுப்பார்கள். கெல்பர்ன்காரர்கள் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தாவிவிட்டார்கள். தாவிய இடத்தின் பெயர் 'கான்டினென்டல் பன்னிரண்டு'. உறுப்பினர்கள் பதினேழு பேர். லெட்டர்பேட் அடித்தாகிவிட்டதால் பெயரை யாரும் மாற்றவில்லை.

"இத மட்டும் முடிச்சுக் குடுத்துடுங்க, லோர்னா," என்றார் விப். "முடிஞ்ச கையோட நீச்சல் அணி விஷயத்துலயும் நான் ஒரு முடிவு எடுத்துடுறேன்."

லோர்னாவின் மகள் டெஸ் அந்த நீச்சல் அணியில் இருக்கிறாள். மூன்றாம் வருஷம், மல்லாக்க நீச்சல், அந்த உதவித்தொகையில்தான் படிப்பு ஓடுகிறது. அணியை மூடிவிடப் போகிறார்கள் என்று வசந்த காலத்திலிருந்தே பேச்சு. டெஸ் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை, சாப்பாடு மட்டும் குறைந்துவிட்டது. ஃபுட்பால் ஜெயித்தால் டிவிப் பணம் வரும், அது வந்தால் மற்ற விளையாட்டுகள் பிழைக்கும் என்பது அந்தக் கட்டடத்தில் வாட்ச்மேன் வரை எல்லோரும் நம்பிய கணக்கு. லோர்னாவும் நம்பினாள். இயக்குநரின் கையைக் குலுக்கிவிட்டு ஓடினாள்.

வேலை சுலபமாகத்தான் தெரிந்தது. டேவியன் ஆறு வருஷத்தில் நான்கு கல்லூரி மாறியவன். அங்கெல்லாம் தேறிய பாடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்த மாணவன் கணக்கில் உடனே இடம் கிடைத்துவிடும். லோர்னா நான்கு கல்லூரிச் சான்றிதழ்களையும் வரவழைத்து, வரிவரியாக ஏற்றி, கடைசிப் பொத்தானை அழுத்தினாள்.

கம்ப்யூட்டர் கூட்டிப் பார்த்தது. பட்டத்துக்கு வேண்டியது நூற்று இருபது புள்ளி. பையனிடம் நூற்று முப்பத்தொன்று இருந்தது. திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன. 'வாழ்த்துகள் டேவியன், நீங்கள் பட்டதாரி ஆகிவிட்டீர்கள்.'

லோர்னா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பையன்களைக் கெஞ்சியும் மிரட்டியும் ஒரு பட்டம் வாங்க வைக்க முடியாமல் தோற்றவள் அவள். இவன் வகுப்புப் பக்கமே தலைகாட்டாமல் வாங்கிவிட்டான். பட்டம் வாங்கிவிட்டதால் இனி மாணவனும் இல்லை.

சட்டப் பிரிவுக்கு ஃபோன் போட்டாள். முதுகலையில் சேர்த்துவிட்டால் பட்டதாரியும் ஆடலாம் என்றார்கள். அன்றைய தேதியில் கதவு திறந்திருந்த முதுகலை ஒன்றே ஒன்றுதான்: கோழி வளர்ப்பு. துறைத் தலைவி ஆக்னஸ் ஹோலுபுக்கு அந்த வருஷம் கிடைத்திருந்த மாணவர்கள் மொத்தம் இருவர். மூன்றாவதாக ஒருவன் வருகிறான் என்றதும் அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பையனுக்குக் கோழிகளிடம் ஈடுபாடு உண்டா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். வாரம் இரண்டு கிலோ சாப்பிடுகிறான் என்று லோர்னா உண்மையைச் சொன்னாள்.

முதுகலையில் சேரப் பட்டச் சான்றிதழ் முத்திரையோடு வேண்டும். லோர்னா பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடி முத்திரை குத்தி வாங்கினாள். அதுவரை கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். முத்திரை விழுந்தபின் அது உண்மை ஆகிவிட்டது.

இதற்குள் கம்ப்யூட்டர் தானாக அனுப்பிய வாழ்த்து மின்னஞ்சலின் நகல் ஒன்று மிசிசிப்பிக் கடற்கரையில் இருந்த பையனின் அம்மாவுக்குப் போயிருந்தது. அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம். அவள் அழுதாள், சிரித்தாள், படமெடுத்து உலகத்துக்கே போட்டாள். அதைப் பார்த்த முதல் ஆள் டேவியனின் ஏஜென்ட் கிளிஃப் வேரன்டீன். மத்தியானம் பன்னிரண்டரைக்கு லோர்னாவைக் கூப்பிட்டான்.

"மேடம், பையன் பட்டதாரியாமே. ரொம்பச் சந்தோஷம்," என்றான். "ஒப்பந்தத்துல பதினாலாம் பக்கம் பாத்தீங்களா? பட்டதாரி ஆயிட்டா தண்டம் கட்டாம எங்க வேணா போகலாம். தெக்கேருந்து ஒரு காலேஜ் இப்பவே லைன்ல இருக்கு. நீங்க இன்னும் எட்டு லட்சம் போட்டா நானும் பேசிப் பாக்கறேன்."

சேதி கேட்ட விப்பின் கழுத்து சிவந்தது. பையனுக்கு யார் பட்டம் கொடுக்கச் சொன்னது என்று கத்தினார். ஒரு பல்கலைக்கழகத்தில் கேட்கக்கூடிய கேள்விதானா அது என்று லோர்னாவுக்குத் தோன்றியது. மறுபடியும் பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடினாள்.

அங்கே ஆர்வில் டென்ச் என்ற கிழட்டு குமாஸ்தா சூப் குடித்துக்கொண்டிருந்தார். கொடுத்த பட்டத்தைத் திரும்ப வாங்குவது லேசில்லை என்றார். ஏதாவது ஒரு நிபந்தனையை மாணவன் நிறைவேற்றவில்லை என்று காட்டினால் மட்டும் முடியும். லோர்னா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். டென்ச் சூப்பை முடித்து, வாயைத் துடைத்து, அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.

"நீச்சல் தேர்வு முடிச்சுட்டானா அவன்?"

லோர்னாவுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நூறு வருஷத்துக்கு முன் நன்கொடையாளர் ஒருவரின் மகன் ஆற்றில் மூழ்கிச் செத்துப்போனான். பல்கலைக்கழகத்துக்கு நீச்சல் குளம் கட்டிக் கொடுத்த அந்த மனிதர் போட்ட நிபந்தனை: குளத்தில் போய்த் திரும்ப ஒருமுறை நீந்தாத எவனுக்கும் கெல்பர்ன் பட்டம் கிடையாது. அதைக் குளத்தடி நோட்டில் கையால்தான் எழுதுவார்கள், கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

ஆனால் வெறுமனே தேர்வுக்கு வரவில்லை என்றால் போதாது, ஒரு வாரம் அவகாசம் கொடுத்துவிடுவார்கள் என்றார் டென்ச். தண்ணீரில் இறங்கித் தோற்க வேண்டும். தோற்றான் என்று நீச்சல் பயிற்சியாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்றரை மணிக்குக் குளத்தடியில் கூட்டம் கூடிவிட்டது. டேவியனின் தோள்பட்டையை மட்டும் தனியாகக் காப்பீடு செய்திருந்தார்கள். காப்பீட்டுக் கம்பெனி ஆள் வந்து, ஒப்பந்தப்படி பையன் ஆழமான தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார். அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பின், மிதவைச் சட்டை, பக்கத்தில் ஒரு டாக்டர், இரண்டு உயிர்காப்பாளர்கள் என்று முடிவானது. பக்கத்துத் தடத்தில் பயிற்சியில் இருந்த நீச்சல் அணிப் பெண்கள் கயிற்றைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்தார்கள். டெஸ்ஸும் அதில் இருந்தாள்.

லோர்னா பையனைத் தனியாகக் கூப்பிட்டு, நாலு தரம் கையை அடித்துவிட்டு நின்றுவிடச் சொன்னாள். அவன் மரியாதையாகத் தலையாட்டினான். பிறகு மிதவைச் சட்டை இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றிப் போட்டுவிட்டுக் குதித்தான்.

இறால் படகுக்காரர்களின் பிள்ளை அவன். நடக்கக் கற்பதற்கு முன்னால் நீந்தக் கற்றவன். எதிர்க்கரையைத் தொட்டுத் திரும்பியபோது பயிற்சியாளர் இங்க்ரிட் மாஸ் தன்னையறியாமல் ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டாள். இவன் ஏன் ஃபுட்பாலில் வீணாகப் போகிறான் என்று முணுமுணுத்தாள்.

லோர்னா செருப்போடு கரையில் அவன் கூடவே ஓடினாள். ஈரத்தில் வழுக்கியது.

"தம்பி, போதும். நில்லு."

"பாதியில விட்டுப் பழக்கமில்ல மேடம்," என்றான் மூச்சு வாங்காமல்.

"நாலு காலேஜ பாதியில விட்டவன்தானே நீ? அஞ்சாவதா இதையும் விடு."

அவன் நின்றான். தண்ணீரில் மிதந்தபடி அவளைப் பார்த்தான். சுவரைத் தொட இன்னும் நான்கு கை வீச்சுத்தான் இருந்தது.

"அம்மா கேக் ஆர்டர் பண்ணிட்டாங்க மேடம்," என்றான். "எங்க வீட்டுல யாருமே டிகிரி வாங்கினதில்ல. காசு வரும் போகும். இது போகாதுன்னு சொல்லி அழறாங்க."

லோர்னாவுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. படிக்க வைப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள், ஒரு பையனிடம் பட்டத்தை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு நிற்கிறாள். இருந்தாலும் மண்டியிட்டு உட்கார்ந்து சொன்னாள்.

"அந்தப் பக்கத்துல நீலத் தொப்பி போட்டிருக்கா பாரு, அவ எம் பொண்ணு. நீ இங்க இருந்தாத்தான் இந்த அணி இருக்கும். இருபத்தாறு பிள்ளைங்கப்பா."

டேவியன் திரும்பி அந்தப் பெண்களைப் பார்த்தான். அவர்களில் ஒருத்தி விவரம் தெரியாமல் கையசைத்தாள். அவனும் அசைத்தான். பிறகு தடக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி இருமினான்.

"முடியல மேடம். கால் இழுத்துக்கிச்சு."

கால் என்ற சொல்லைக் கேட்டதும் காப்பீட்டு ஆள் பதறிக் குளத்தில் விழுந்தார். அவரை வெளியே எடுக்கப் பத்து நிமிஷம் ஆனது. இங்க்ரிட் 'தேர்ச்சி பெறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதும்போது லோர்னாவின் தோளைத் தட்டி, இந்த உதவியை மறக்கமாட்டேன் என்றாள். அவளுக்கும் வேலை அந்த அணியில்தான்.

நாலே முக்காலுக்குப் பட்டம் ரத்தானது. லோர்னா பையனை நான்கு வகுப்புகளில் சேர்த்தாள். உறக்கமும் உடல்நலமும், ராக் இசை வரலாறு, வானிலை அறிமுகம், நீச்சல் தொடக்கநிலை. கடைசி வகுப்பில் தண்ணீரைத் தொடக் கூடாது என்று காப்பீட்டு ஆள் ஈர உடையோடு எழுதி வாங்கிக்கொண்டார். கோழித் துறைத் தலைவிக்கு ஃபோன் செய்து, மூன்றாவது மாணவன் வரமாட்டான் என்று சொன்னாள். மற்ற இருவராவது வருவார்களா என்று அந்த அம்மாள் கேட்டாள். தண்டப் பணம் மறுபடி உயிர் பெற்றதால் கிளிஃப் வேரன்டீன் எட்டு லட்சத்தை விட்டுவிட்டு நல்ல பிள்ளையாக ஃபோனை வைத்தான். பையன் தன் அம்மாவைக் கூப்பிடக் காரில் போய் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் கதவைத் திறக்கவில்லை.

ஐந்துக்கு எட்டு நிமிஷம் இருந்தபோது லோர்னா இயக்குநரின் அறைக்குப் போனாள். தலைமுடி கலைந்து, செருப்பு ஊறி, ஆனால் நெஞ்சு நிறைந்து போனாள். விப் ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்தார். வெளியறையில் அவருடைய செயலாளர் பெர்னிஸ் உறைகளில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு உறைகள். மேலே இருந்ததில் டெஸ் பெட்ரிக் என்று இருந்தது.

"சேர்ந்துட்டானா?" என்று கேட்டாள் பெர்னிஸ்.

"சேர்ந்துட்டான்," என்றாள் லோர்னா. அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீச்சல் அணிக்கு லெட்டரா? முடிவு எடுத்துட்டாரா?"

பெர்னிஸ் மேஜையில் இருந்த இரண்டு கடிதக் கட்டுகளில் ஒன்றை இழுத்து உறைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். மற்றதைத் தூக்கிக்கொண்டு காகிதம் கிழிக்கும் மெஷினின் பொத்தானை அழுத்தினாள்.

"ரெண்டு விதமாவும் அடிச்சு வைக்கச் சொன்னாரு. பையன் வராம போனா அந்தக் காசு மிச்சம், நீச்சல் அணி வழக்கம்போல இருக்கும்னு இந்தக் கட்டு. இனி இது வேண்டாம், இல்ல?"