நார்க்காரரும் என் இரண்டு முறுக்கு டப்பாக்களும்

புளிச்சைக்கீரைச் செடிக்காக உயிரையே கொடுக்கக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவரும் எங்கள் தெருவிலேயே இருந்து தொலைத்தார். சின்னமனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவரை எல்லாரும் நார்க்காரர் என்பார்கள். புளிச்சைத் தண்டைக் கண்மாயில் ஊறப்போட்டு, அழுகியதும் நாரை உரித்து, கிணற்றில் மாடு கட்டி நீர் இறைக்கும் கமலைக்கு வடம் திரிப்பார். அவர் தெருமுனையில் வரும்போதே அந்த ஊறல் வாடை எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

தண்டு அவருக்குத் தொழில் என்றால், இலை மதம். மாடு முட்டினால் புளிச்சை இலை, முடி நரைத்தால் புளிச்சை இலை. எழுத்து மங்காது என்று சொல்லி என் மைக்கூட்டிலும் இரண்டு இலையைக் கிள்ளிப் போட்டார். அதன்பின் எழுத்தே விழவில்லை.

யார் வீட்டில் பலகாரம் சுட்டாலும் கூப்பிடாமலே வந்து நிற்பார். உலர்த்திய இலையில் ஒரு பிடி எடுத்து எண்ணெயில் பொரித்து, அரித்து வீசுவார். "இனிமே ஒரு மாசமானாலும் பலகாரம் சிக்கு நாறாது" என்பார்.

நானோ எட்டாம் வகுப்பு தேறியவள். எங்கள் குடும்பத்தில் கைநாட்டை ஒழித்தவள். சும்மா இருப்பேனா?

"மாமா, காத்துல பிராணவாயுன்னு ஒண்ணு இருக்கு. அது பட்டுத்தான் எண்ணெய் கெடுது. உங்க இலை என்ன செய்யும்?"

"நாம மூச்சு விடுற காத்தா?"

"அதேதான்."

"நமக்கு உசுரு குடுக்குறது எண்ணெயக் கெடுக்குதாக்கும்! சரி ஆத்தா, அப்பிடியே இருந்தாலும் எம் புளிச்சை அதை மறிச்சு நிக்கும்."

நான் சிரித்த சிரிப்பை இன்று நினைத்தால் எனக்கே கூசுகிறது.

அந்த வருஷம் அக்காவுக்குத் தலைப்பொங்கல். அறுப்பு வேலை குறுக்கே வருமென்று, சீர் முறுக்கைப் பதினைந்து நாள் முன்பே சுட்டோம். போக வேண்டிய இடம் கம்பம், அக்காவின் மாமியார் வீடு. கல்யாணப் பந்தியில் உப்புக் குறைந்ததை மூன்று தலைமுறைக்குச் சொல்லக்கூடிய அம்மாள் அவர். முறுக்குக் கெட்டால் அக்கா கதி என்ன?

அதையெல்லாம் யார் நினைத்தார்கள்! நார்க்காரரை ஊர் முன்னால் மட்டம் தட்ட நான் சோதனை நடத்தினேன். இலை பொரித்த எண்ணெயில் சுட்டது ஒரு டப்பா. இலை போடாதது மற்றொன்று. ஒன்று சீருக்கு, ஒன்று வீட்டுக்கு. முதலாவதில் 'ஏ', அடுத்ததில் 'பி' என்று சுண்ணாம்பால் எழுதினேன். அதுவும் இங்கிலீஷில், தமிழே யாருக்கும் வாசிக்கத் தெரியாத வீட்டில்.

பதினாலாம் நாள் திறந்து பார்த்தேன். 'ஏ' நேற்றுச் சுட்டது போலிருந்தது. 'பி'யில் கெட்ட எண்ணெயின் சிக்கு வாடை குப்பென்று அடித்தது. இரண்டையும் மூடிவிட்டு யாரிடமும் மூச்சு விடவில்லை. தோற்றதைச் சொல்ல எட்டாம் வகுப்பில் கற்றுத் தரவில்லை.

மறுநாள் நான் எழுந்தபோது அப்பா வண்டியில் சீரோடு கிளம்பிவிட்டார். அடுப்படியில் 'ஏ' டப்பா உட்கார்ந்திருந்தது. அம்மாவிடம் ஓடினேன்.

"ஆத்தா, எந்த டப்பாவ ஏத்தி விட்டே?"

"ரெண்டு வயிறு வச்ச எழுத்து போட்டிருந்துச்சே, அதான். பாக்க லட்சணமா இருந்துச்சு."

டப்பாவைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கு ஓடினேன். நார்க்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்று தண்டை இழுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க செயிச்சுட்டீக!"

"அது எனக்குத் தெரிஞ்சதுதான. அதுக்கு எதுக்கு அழுகுறே?"

சொன்னேன். ஈர வேட்டியோடு டப்பாவைத் தலையில் வைத்து ஓடியவர், மறுநாள் மத்தியானம்தான் திரும்பினார். கம்பத்தில் சம்பந்தி வீட்டு வாசற்படியில் வைத்துத்தான் வண்டியைப் பிடித்தாராம்.

"சம்பந்தியம்மாகிட்ட என்ன சொன்னீக?"

"நாந்தான் டப்பாவ மாத்தி ஏத்திட்டேன்னேன். எனக்குக் கிறுக்குன்னு கம்பம் வரைக்கும் தெரியும்ல. மூக்கப் பொத்திக்கிட்டு ஒண்ணும் கேக்காம வாங்கிக்கிட்டாக."

"அந்தக் கெட்ட முறுக்கு?"

"வர்ற வழியிலயே தின்னுட்டேன். அங்கன இங்கன போட்டா யாராச்சும் பாத்துப் பேசுவாகள்ல?"

"சிக்கு நாறுமே மாமா!"

"எம்மேல அடிக்கிற வாடையில அது எங்க தெரியப் போகுது?"

பிறகு என் பழைய சயன்ஸ் வாத்தியாருக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். சில இலைகளில் எண்ணெயைப் பிராணவாயுவிடமிருந்து காக்கும் பொருள் உண்டு, புளிச்சையிலும் இருக்கலாம் என்று பதில் வந்தது. நார்க்காரருக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த வாத்தியாரு வீட்டுல கயிறு வேணுமான்னு கேளு" என்றார்.

அதற்கப்புறம் அவர் தெருமுனையில் வரும்போது நான் ஒருநாளும் மூக்கைப் பொத்தியதில்லை.